சூரியனுக்கு ஒரு டச்சப்

"சூரியன் மூஞ்சியில ஒரு கரும்புள்ளி இருந்துச்சு தம்பி. சுத்தமா எடுத்துட்டேன்."

டச்சப் அக்கா இதைச் சொன்னபோது ஸ்டுடியோக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சியது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"எதை எடுத்தீங்க?"

"புள்ளியைத்தான். பாருங்க, எவ்வளவு பளிச்சுனு இருக்கு!"

கம்ப்யூட்டர் திரையில் சூரியன், புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தட்டு மாதிரி மாசு மருவில்லாமல் மின்னியது.

"அக்கா, அது புள்ளி இல்ல. விண்கலம்! உள்ள மனுஷங்க உக்காந்திருக்காங்க!"

"எனக்கென்ன தெரியும்? புள்ளி இருந்தா கேக்காம எடுத்துடுங்கன்னு நீங்கதானே சொல்லி வச்சிருக்கீங்க?"

சொன்னவர் அவர்தான். அந்தத் தெருவில் பாதிப் பேர், அக்கா தொட்ட பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துத்தான் தங்களுக்கு மருவே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வெறும் படம் போயிருந்தால் பரவாயில்லை. கூடவே மானமும் போகப் பார்த்தது. மச்சினனுக்குக் கல்யாணம். ஸ்டுடியோ வைத்திருக்கும் மாப்பிள்ளை குத்துக்கல்லாக இருக்கும்போதே, மாமியார் கல்யாணப் படம் எடுக்க வேறொரு ஸ்டுடியோவில் பேசி வைத்துவிட்டார். "நம்ம மாப்பிள்ளைக்குத் தலையைக் கொஞ்சம் நிமித்துங்கன்னு சொல்ல வரும். அதுக்கு மேல என்ன வரும்?" என்று அந்த அம்மாள் கேட்டது, நாலு வாய் மாறி, காது மூக்கு வைத்து இவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

மச்சினன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அவன்தான் வழி சொன்னான். விண்கலம் ஒன்று நம் தலைக்கு நேராகச் சூரியனைக் கடக்கப்போகிறது, கண் சிமிட்டும் நேரம்தான், அதைப் பிடித்துக் காட்டினால் அம்மா கப்சிப் என்று ஆகிவிடுவாள் என்றான்.

அன்று மத்தியானம் கேமராவுக்குக் கறுப்பு ஃபில்டர் மாட்டி, மொட்டைமாடியில் விரல் வீங்கும்வரை அமுக்கித் தள்ளினார். ஒரே ஒரு படத்தில் புள்ளி விழுந்திருந்தது. "மாட்டிக்கிச்சு!" என்று அவர் போட்ட கூச்சல் கீழே மனைவிக்குக் கேட்டது. அவர் படியிறங்கி வருவதற்குள் செய்தி மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது.

"என்னங்க, சாயங்காலம் எல்லாரும் பார்க்க வராங்களாம்!"

இப்போது அந்தச் சாயங்காலம் வாசலில் நின்றது.

"கார்டுல இருக்குமே தம்பி?" என்றார் அக்கா.

"அதை அழிச்சுட்டுத்தான், அப்புறம் படம் எடுத்துக்க வந்த இரட்டைக் குழந்தைங்களை எடுத்தேன். நீங்களே ஒரு புள்ளி வச்சுடுங்க."

அக்கா வைத்தார்.

"மூட்டைப்பூச்சி மாதிரி இருக்கே!"

சின்னதாக வைத்தார்.

"இப்போ சூரியனை ஆணியடிச்சு மாட்டின மாதிரி இருக்கு."

"எனக்கு எடுக்கத்தான் வரும் தம்பி, வைக்க வராது" என்று அலுத்துக்கொண்ட அக்கா, சட்டென்று பாங்க் மேனேஜரின் பாஸ்போர்ட் படத்தைத் திறந்தார். தாடையில் கொழுகொழுவென்று ஒரு மரு. அதை வெட்டிச் சுருக்கிச் சூரியன்மேல் ஒட்டினார். பிரமாதமாகப் பொருந்தியது.

"அக்கா, ரெண்டு பக்கமும் முடி நீட்டிக்கிட்டு இருக்கு."

"இருக்கட்டும். விண்கலம்னா இறக்கை இருக்காதா?"

பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்ணாடி ஷோகேஸில் வைத்தார்கள். வைத்த கையோடு பாங்க் மேனேஜரே படம் வாங்க வந்து நின்றார்.

"இதை எங்கேயோ ரொம்பக் கிட்டத்துல பார்த்திருக்கேனே" என்றார், தாடையைத் தடவிக்கொண்டே.

"டிவியில பார்த்திருப்பீங்க சார்!" ஸ்டுடியோக்காரர் உறையை அவர் கையில் திணித்து, தோளில் கை போட்டுத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

திரும்பினால் கடை முன்னால் மாமியார் வீட்டுப் பட்டாளம். மச்சினனை மட்டும் காணோம். மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இறக்கைகூடத் தெரியுதுடி! என்னமா புடிச்சிருக்கார் மாப்பிள்ளை!"

மாமியார் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார்.

"உங்க அருமை தெரியாம இருந்துட்டேன் மாப்பிள்ளை" என்றவர், அங்கேயே போனை எடுத்து அந்த இன்னொரு ஸ்டுடியோவுக்கு அடித்தார். "நீங்க வர வேணாம்ப்பா. எங்க மாப்பிள்ளையே எடுக்கறார். ஆகாயத்துல போறதையே புடிக்கறவருக்கு மணமேடை எம்மாத்திரம்?"

மனைவி தன் அம்மாவைப் பார்த்த பார்வையில், கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த வட்டியெல்லாம் இருந்தது. "மண்டப வாசல்ல இந்தப் படத்தைத்தான் வைக்கப்போறோம்மா" என்று அவள் தன் பங்குக்கு ஏற்றிவிட்டாள்.

ஸ்டுடியோக்காரருக்கு உள்ளுக்குள் லேசாக உறுத்தாமல் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் பொய் எங்கே இருக்கிறது? விண்கலம் போனது நிஜம். அதை அவர் பிடித்ததும் நிஜம். அக்கா எடுத்ததை அக்காவே திருப்பி வைத்தார், அவ்வளவுதானே? இப்படிக் கணக்கை நேர் செய்துகொண்டதும் மார்பு தானாக ஓரங்குலம் முன்னால் வந்தது.

அப்போதுதான் மச்சினன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். ஷோகேஸ் பக்கம் திரும்பக்கூட இல்லை. மூச்சிரைக்க, மொத்தக் குடும்பத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்:

"போனை எடுக்க மாட்டீங்களா அத்தான்? தேதியைத் தப்பா சொல்லித் தொலைச்சுட்டேன், விண்கலம் சூரியனைக் கடக்கறது நாளைக்கு மத்தியானம்தான்!"