குச்சியைத் தூக்கினால் நிறுத்தவும்

அன்பும் அதட்டலும் குறையாத அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? விஷயம் வேறொன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை என் ஜாஸ் ஆல்பம் வெளியீட்டுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாயே, தயவுசெய்து வராதே.

கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. இத்தனை வருஷமாக அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் அடித்தவன், முதல் தடவையாக நானே தலைவனாக ஒரு ஆல்பம். அட்டையில் என் முகம் பெரிது, தலைக்கனம் அதைவிடப் பெரிது. பதிவுக்கூடத்தில் டிரம்ஸுக்குத் தனிக் கண்ணாடி அறை, டிரம்ஸ் அடி மட்டும் ஹெட்போன் வழியாக மற்றவர்கள் காதுக்குப் போகும், உள்ளேயிருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதனால் பியானோக்காரி, பேஸ் கிதார்க்காரர், சாக்ஸபோன் ஊதுகிற 'தம்கட்டி' மூவரையும் வரிசையாக நிற்க வைத்து, "பாட்டு முடியற இடத்த நான்தான் சொல்வேன். குச்சியத் தூக்கினா எல்லாரும் நிறுத்திடணும்" என்று உத்தரவு போட்டேன். குச்சியைத் தூக்காமல் டிரம்ஸ் அடிக்க முடியாது என்பது, அதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்குத் தோன்றவில்லை அக்கா! முதல் அடிக்குத் தூக்கினேன், நிறுத்திவிட்டார்கள். மறுபடி தூக்கினேன், மறுபடி நிறுத்தம். "தலைவரே, ஊதவா வேணாமா?" என்று தம்கட்டி சைகையில் கேட்கிறார். சரி, தலையை ஆட்டினால் நிறுத்துங்கள் என்றேன். தாளம் பிடித்தால் என் தலை தானாக ஆடும் என்று ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. கடைசியில் பியானோக்காரி, "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். அடிக்கறத நிறுத்துங்க, நாங்களும் நிறுத்திடறோம்" என்றாள்.

கூத்து அப்புறம்தான். பாட்டின் நடுவில் தப்பாக அடித்துத் தொலைத்தேன். திரும்ப ஆரம்பிக்கலாம் என்று கையைக் கட்டி உட்கார்ந்தால், மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்குகிறார்கள். கண்ணாடியைத் தட்டினேன், குதித்தேன், யார் பார்த்தார்கள்? முடிந்ததும் ஒலிப்பதிவாளர் ஓடி வந்து, "சார், இதுதான் சார் பிரமாதம்! முதல் பாட்டா இதையே வெச்சிடலாம்" என்றார். வைத்தாயிற்று. டிரம்ஸ்காரன் ஆல்பம், முதல் பாட்டில் பாதிக்கு மேல் டிரம்ஸ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் போட்டுக் காட்டப் போகிறார்கள். வீட்டில் எல்லாரும் "சத்தத்த நிறுத்துடா" என்று திட்டியபோது "அடிடா, நான் கேக்கறேன்" என்றவள் நீ ஒருத்திதான். நான் அடிக்காத இடம்தான் நன்றாக இருக்கிறது என்று உன் காதால் கேட்க வேண்டாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன்னிடம் மன்னிப்பு.

இப்படிக்கு,
தலைவர் பதவியிலிருக்கும் தம்பி

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் பேஸ்காரர் வந்தார். மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷர். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நீங்க நிறுத்தினதே எங்களுக்குத் தெரியாது சார். உங்க அடி காதுல ஓடிட்டேதான் இருந்துச்சு, அதப் பிடிச்சுத்தான் மூணு பேரும் வாசிச்சோம்" என்றார். அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன் அக்கா. நீ வா. அத்தானைக் கைத்தாங்கலாகவாவது கூட்டி வா. முன்வரிசையில் உங்களுக்கு இடம் இருக்கிறது. உன்னை வரவேண்டாம் என்று எழுத உட்காரும் முன்பே அந்த இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.