டெய்லரைத் துரத்திய கோட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். ஒரு டெய்லர் தலைதெறிக்க ஓடிய கதை சொல்கிறேன்.

விடிந்தும் விடியாத வேளையில் டெய்லர் தெருவில் இறங்கி நூறு அடிகூட ஓடியிருக்க மாட்டார்.

"டெய்லர்! நில்லுங்க!"

திரும்பினால், ரிட்டயரான கணக்கு டீச்சர்! அவர் வீட்டுக்காரரின் கோட்டு நான்கு மாதமாகக் கடையில் ஒற்றைக் கையோடு தொங்கிக்கொண்டிருந்தது. கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு டீச்சர்" என்பார். டெய்லருக்குத் தெரிந்த ஒரே கிழமை நாளைக்குதான்.

எந்த முகத்தோடு நிற்பது? எடுத்தார் ஓட்டம்.

ஒரு காலத்தில் காற்றாய் ஓடியவர்தான். பதினோரு வருடமாக அவர் கால் ஓடியதெல்லாம் மெஷின் மிதியில் மட்டும். போன வருடம் பள்ளியில் அப்பா-மகள் ஓட்டத்தில் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மகள் மீதி தூரத்தைத் தனியாக நடந்து முடித்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. இந்த வருட ஓட்டத்துக்கு இன்னும் மூன்றே வாரம்; அதற்குத்தான் இந்த விடிகாலைப் பயிற்சி.

"என்னங்க இப்படி இரைக்குது? நாய் துரத்துச்சா?" என்றாள் மனைவி, வீட்டுக்குள் வந்து விழுந்தவரைப் பார்த்து.

"நாயா இருந்தா பிஸ்கட்டைப் போட்டுச் சமாளிச்சிருப்பேனே! டீச்சர்டி!"

"கோட்டைத் தைச்சுக் குடுத்துட்டாத் தீந்துது."

"தைக்கலாம்... நாளைக்கு."

மறுநாள் பின் சந்து வழியாக ஓடினார். சந்து முனையில் டீச்சர்.

அதற்கடுத்த நாள் முகத்தை மஃப்ளரால் மூடிக்கொண்டு ஓடினார். காவல்காரர் விசிலை ஊதிக்கொண்டு சட்டையைப் பிடித்துவிட்டார்.

"திருடன் இல்லீங்க, நம்ம டெய்லர்! விடுங்க, அவரை நான் பாத்துக்கறேன்!" என்று பின்னாலிருந்து கூவினார் டீச்சர்.

விடுபட்ட டெய்லர், நன்றி சொல்லவும் நிற்காமல் பறந்தார்.

கடைசியில் தான் ஊரில் இல்லை என்று மனைவியைச் சொல்லவைத்தார். மறுநாள் காலை பஸ் ஸ்டாப் வழியாக ஓடியவரைப் பார்த்து, "ஊருக்குப் போனவரு இங்க என்ன பண்றாரு!" என்று டீச்சர் கத்த, பஸ் ஸ்டாப்பே சிரித்தது.

ஒருநாள் லேஸ் அவிழ்ந்துவிட்டது. தொலைந்தோம் என்று குனிந்தவர் ஓரக்கண்ணால் பார்த்தார். சற்றுத் தூரத்தில் டீச்சரும் நின்று, தன் புது வெள்ளை ஷூவின் லேஸை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல காலம் என்று டெய்லர் மறுபடி பிடித்தார் ஓட்டம்.

ஓட்ட நாள் வந்தது. போன வருடம் உட்கார்ந்த அதே இடம். அதே மூச்சு. கால் பின்னியது.

"அப்பா, முடியலேன்னா பரவால்லப்பா," என்றாள் மகள், மெல்ல.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: "டெய்லர்ர்ர்!"

மகளின் கையைப் பிடித்தார். அப்புறம் நடந்ததை அவர் கால்களைத்தான் கேட்க வேண்டும். மூன்றாம் இடம்!

"நீ இவ்ளோ வேகமா ஓடுவியாப்பா!"

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் உருகிவிட்டார். மறுநாள் காலை மற்ற வேலையெல்லாம் ஒதுக்கி, கோட்டுக்கு இன்னொரு கையும் வைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மன்னிச்சுடுங்க டீச்சர். ரொம்ப அலைய வெச்சுட்டேன். இந்தாங்க கோட்டு."

டீச்சரின் முகம் வாடிய கீரையாகிவிட்டது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கோட்டை டெய்லர் கையிலேயே திணித்தார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி விட்ட ஓட்டம், தம்பி. இந்த வயசுல எங்கே ஓடுறீங்கன்னு கேக்கறவங்ககிட்ட, 'டெய்லரைப் பிடிக்க'ன்னு சொன்னா ஒருத்தரும் சிரிக்கல. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு கையை மட்டும் பிரிச்சு வெச்சுடுங்க!"

உங்கள் வீட்டுக் கால்கள் ஓயாதிருக்கட்டும், கண்ணுகளா. தைக்கக் கொடுத்த துணி மட்டும் சொன்ன தேதிக்கு வீடு வந்து சேரட்டும்.