நன்றி நோட்டில் கருத்தையா

வாட்ச்மேன் சீனிச்சாமிக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டானதற்குக் காரணம் கருத்தையாவின் கையெழுத்து.

அவ்வளவு தெளிவான கையெழுத்து அது. ஐம்பது வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய், வேலை பார்த்து மரத்துப்போன விரல்களால் பிடித்த எழுத்து. ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் அந்த நூல் மில்லில், முதலாளியம்மா உத்தரவு என்று ஒரு 'நன்றி நோட்டு' வந்தது. வேலை முடிந்து போகும்போது, அன்றைக்கு உதவி செய்தவருக்கு ஆளுக்கொரு நன்றி எழுத வேண்டும். எல்லோரும் முனகினார்கள். கருத்தையா மட்டும் புதுப் பேனா வாங்கினார்.

மற்றவர்கள் 'எல்லாருக்கும் நன்றி' என்று கிறுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். கருத்தையாவுக்கு மனசு ஒப்பவில்லை. பாடுபட்டுப் படித்த எழுத்தை வெறும் வார்த்தைக்கா செலவழிப்பது? உள்ளதை எழுதினார்:

'மகாராஜபுரம் பஸ் லேட். நான் பத்து நிமிஷம் பிந்தி வந்தும் கேட்டைத் திறந்துவிட்ட சீனிச்சாமிக்கு நன்றி.'

நோட்டைத் தினமும் படிப்பவர் மேனேஜர் தாமோதர். மறுநாளே சீனிச்சாமிக்கு மெமோ.

"ஏலே, ஒனக்கு நான் என்னலே பாவம் செஞ்சேன்?"

"நல்லதுதான செஞ்ச? அதத்தான எழுதுனேன்."

"இனிமே எனக்கு நல்லது நினைச்சே, கேட்டத் தொறக்க மாட்டேன், பாத்துக்கோ."

சரி, சீனிச்சாமி வேண்டாம். அன்றைக்குப் பக்கத்து மிஷின் பாண்டிசெல்விக்கு எழுதினார்: 'பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு நான் உட்கார்ந்த அரை மணி நேரமும் என் மிஷினைச் சேர்த்துப் பார்த்த தங்கச்சிக்கு நன்றி.'

தன் மிஷினை விட்டு நகர்ந்ததற்குப் பாண்டிசெல்விக்கு மெமோ. அது அவளுக்கு இரண்டாவது.

"அண்ணே, இன்னொண்ணு வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எம் மக காலேஜ் பீஸ நீங்களா கட்டுவீய? ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னைய மறந்திருங்க!"

கருத்தையா யோசித்தார். மனுசருக்கு எழுதினால்தானே வம்பு?

'பதினாலாம் நம்பர் மிஷினுக்கு நன்றி. மூன்று மாதமாக எண்ணெயே காணாமல் ஓடுகிறது.'

காலையில் ஃபிட்டர் ஜெபக்குமார் ஸ்பானரும் கையுமாக வந்து நின்றான். "மிஷினு வந்து ஒங்ககிட்ட நன்றி கேட்டுச்சா அண்ணாச்சி? கேட்டுச்சாங்கேன்?"

மிஷினும் வேண்டாம். வானத்துக்கு யார் மெமோ கொடுப்பார்கள்?

'மழைக்கு நன்றி. கூரை வழியாக உள்ளேயே வந்து புழுக்கத்தைத் தணித்தது.'

மழை வந்து விழுந்த இடத்தில் பஞ்சுப் பொதி இருந்தது. பொதி இருந்தது பாண்டிசெல்வி பக்கம். நனையவிட்டது அவள் குற்றம் என்று மூன்றாவது மெமோ வந்தது. திங்கட்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம்.

பாண்டிசெல்வி ஏசவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். ஏசியிருந்தால் கருத்தையாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேனேஜர் மனசு இளகினால்தான் அவளுக்கு வழி. நாளைக்கு அவர் காலில் விழலாம், ஆனால் கருத்தையாவுக்குக் காலைவிட எழுத்தில்தான் நம்பிக்கை. அன்று ஒரு முழுப்பக்கம் எழுதினார். தலைப்பே கால் பக்கம்: 'மேனேஜர் அய்யாவுக்கு ஆயிரம் நன்றி.'

சனிக்கிழமை காலையில் தலைப்பைப் பார்த்ததுமே தாமோதருக்கு முகமெல்லாம் பல். கீழே படிக்கக்கூடப் பொறுக்கவில்லை. போனில் பக்கத்தைப் படம் பிடித்து, முதலாளியம்மா காஞ்சனாவுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கார் வந்து நின்றது. முதலாளியம்மா கருத்தையாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"இது யாரு எழுத்து?"

பயமாக இருந்தாலும் கருத்தையாவின் கழுத்து தானாக நிமிர்ந்தது. "என் எழுத்துதாம்மா. அம்பது வயசுல படிச்சது."

"முத்து முத்தா இருக்கு. நீங்களே வாசிங்க."

வாசித்தார். "போன மாதம் மடவார் வளாகத்தில் அய்யா கட்டும் வீட்டில் ஆறு நாள் செங்கல் சுமந்தேன். அந்த ஆறு நாளும் மில்லில் வேலை பார்த்ததாகப் போட்டு முழுச் சம்பளம் கொடுத்தார்கள். மில் கூரைக்கு வந்த தகரம் முப்பதையும் அங்கே கொண்டுபோய் இறக்கிய அன்றைக்கு எனக்குத் தனியாகப் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தார்கள். இவ்வளவு நல்ல மனசுக்காரர் பாண்டிசெல்வியையும் மன்னிப்பார்."

தாமோதர் உட்கார நாற்காலியைத் தேடினார்.

மத்தியானத்துக்குள் அவர் தன் டிபன் கேரியரோடு கேட்டைத் தாண்டினார். சீனிச்சாமியின் வெட்டுச் சம்பளம் திரும்பி வந்தது. பாண்டிசெல்வியின் மூன்று மெமோவும் கிழிந்தன. அவளுக்கு முதலாளியம்மாவே போன் போட்டார்.

கருத்தையாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் பெலிக்ஸிடம் போனார்.

"தம்பி, அந்த நோட்டத் தூக்கிரச் சொல்லுங்க அம்மாகிட்ட. நல்லதுன்னு நெனச்சு எழுதி, கடைசில மேனேஜர் அய்யா வேலையவும் காலி பண்ணிட்டேன்."

பெலிக்ஸ் துணியை உதறினான்.

"நோட்டு மாட்டுன ஆணில மூணு வருசமா புகார்ப் பெட்டி தொங்குச்சு, ஒரு சீட்டு விழல அண்ணாச்சி; அம்மா அதோட பேரத்தான் மாத்துனாவ, ஒரே வாரத்துல அம்புட்டும் வந்துருச்சு!"