ஈசானிய மூலையில் தொடங்கிய பிள்ளையார்

சுங்கை ஆயர் தாவார்,
20 மே 2025, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி நடராஜா அவர்களின் சமூகத்திற்கு, சேது வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கமணியும் மகன் முகுந்தனும் உடலளவில் நலம். ரவாங்கில் தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் மகள் துளசி நலமா என்று கேட்கும் தகுதி, சென்ற 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து எனக்கு இல்லை. எனினும் கேட்கிறேன். தொலைபேசியில் பேசலாமென்று பலமுறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

ஜூன் 8ஆம் தேதி நம் பிள்ளைகளின் திருமணத்திற்கு வருவோருக்கு டோர் கிப்ட்டாகக் கையகல மரப்பலகையில் பிள்ளையார் பொறித்துக் கொடுப்பது என்று முடிவானதும், புஞ்சாக் ஆலாமில் டிசைன் வேலை பார்க்கும் துளசியே படத்தை வரைந்து அனுப்பியதும், முகுந்தனின் லேசர் மெஷினில் நானே பொறித்துத் தருவதாக மார்தட்டியதும் தாங்கள் அறிந்தவையே. 7ஆம் தேதி புதன்கிழமை, ராகுகாலம் கழிந்த பின், முகுந்தன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கணினியையும் மெஷினையும் இணைக்க உட்கார்ந்தேன். மெஷினின் வயிற்றுக்குள் கண்ட்ரோலர் என்றொரு பெட்டி இருக்கிறது. கணினியிலிருந்து படத்தை வாங்கி, லேசரை எங்கே போ, எங்கே சுடு என்று மேய்க்கும் மேற்பார்வை மண்டோர் அதுதான். அந்த மண்டோரைக் கணினிக்கு அறிமுகம் செய்து வைப்பதற்குள், கேபிளை வேறு துளையில் செருகி, பட்டியலில் வேறொரு கண்ட்ரோலரின் பெயரைத் தட்டி, மெஷின் கல்லுப்பிள்ளையாராகவே உட்கார்ந்திருக்க, தங்கமணி வந்து, "கரண்ட்டப் போட்டீங்களா?" என்று கேட்டாள். போடவில்லை. போட்டேன். உடனே திரையில் ஒரு சதுரம் தோன்றி, மெஷினுக்குத் தொடக்க மூலை எது என்று கேட்டது. விடை மெனுவலில் இருந்தது. பஞ்சாங்கம் பார்க்கிறவனுக்கு மெனுவல் எதுக்கு லா? மேல்பக்கம் வடக்கு, வலப்பக்கம் கிழக்கு, ஆகவே மேல் வலது மூலை ஈசானியம். பிள்ளையார் காரியத்தை வேறெங்கே தொடங்குவது? தட்டினேன். இணைந்தது. சூடமும் காட்டினேன்.

10ஆம் தேதிக்குள் முந்நூறு பலகைகளும் முடிந்தன. மறுநாள் தங்கள் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது நடந்ததைத் தாங்கள் மறந்திருந்தால் என் பாக்கியம். தங்கள் மைத்துனர் ஐயாவு ஒன்றை எடுத்துப் பார்த்து, "என்னாங்க இது, தும்பிக்கை வலது பக்கமா சுழிச்சிருக்கு? வலம்புரியில்ல! வீட்டுல வெச்சா தெனமும் மொறையா பூசை செய்யணும்பாங்களே. விருந்துக்கு வந்தவனுக்கு விரதத்தக் கட்டிக் குடுக்குறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். "படம் உங்க வீட்டுப் பொண்ணு வரைஞ்சது. தும்பிக்கை எந்தப் பக்கம்னுகூடச் சொல்லிக் குடுக்காமலா ஒரு பிள்ளைய வளர்ப்பாங்க?" என்றேன்.

"நான் இடம்புரிதான் வரைஞ்சேன் மாமா," என்றாள் துளசி.

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?" என்றேன்.

ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால் அதுவே உண்மை. தேநீர்த் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. இன்றுவரை முகுந்தனின் அழைப்பையும் எடுக்கவில்லை. "பிள்ள யோசிக்கணும்னு சொல்றா, பத்திரிகைய யாருக்கும் குடுக்க வேணாம்" என்று தாங்கள் 13ஆம் தேதி சொன்னதைத் தங்கமணி என்னிடம் ஒப்பித்துவிட்டு, முந்நூறு வலம்புரியையும் தரையில் வைக்கக் கூடாதென்று சாப்பாட்டு மேசையில் அடுக்கினாள். அன்றுமுதல் நாங்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்.

17ஆம் தேதி சனிக்கிழமை, எப்படியும் திருமணம் நடக்குமென்று நம்பி, பிள்ளையாருக்குக் கீழே மணமக்கள் பெயரைப் பொறிக்க ஒரு பலகையை வைத்தேன். பெயர்கள் இடம் வலமாகத் திரும்பி வந்தன. பிள்ளையார் திரும்பினால் வலம்புரி என்று பெயராவது உண்டு. முகுந்தனும் துளசியும் திரும்பினால் என்ன பெயர் சொல்வது? முகுந்தன் வந்து பார்த்தான். "அப்பா, இந்த மெஷினுக்குத் தொடக்கம் மேல் இடது மூலை. நீங்க ஏன் வலதத் தட்டுனீங்க? அதான் படத்தையே திருப்பிப் போட்டிருச்சு."

"அது ஈசானியம்டா. நீ சொல்றது வாயு மூலை."

"மெஷினுக்கு ஏதுப்பா வாயு மூலை!"

அவன் மூலையை மாற்றினான். இடம்புரிப் பிள்ளையார் வந்தார், துளசி வரைந்தபடியே. தங்கமணி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாலு பேரு முன்னால அந்தப் பிள்ளையோட வளர்ப்பப் பத்திப் பேசுனீங்களே, இப்ப எதோட வளர்ப்பு சரியில்ல? இந்த மெஷின் வளர்ப்பா?" என்றாள். எனக்கு எழுபத்திரண்டு வயது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில்கூட என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நாட்கள் இருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே, 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தங்கள் இல்லம் வந்து, எவர் முன்னிலையில் அந்தச் சொல்லைச் சொன்னேனோ அவர்கள் முன்னிலையிலேயே துளசியிடம் மன்னிப்புக் கேட்க அனுமதி வேண்டுகிறேன். ஐயாவுவும் இருக்க வேண்டும். சிரித்தால் சிரிக்கட்டும். அதன்பின் திருமணம் வேண்டுமா என்பதை அவளே சொல்லட்டும். முகுந்தன் என் தவறுக்குப் பொறுப்பல்ல. பலகைகளின் பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது, அதில் முகுந்தன் புதிதாகப் பொறிப்பான். அந்தத் தொடக்க மூலையை இனி என் விரல் தொடாது என்று தங்கமணி முன்னிலையில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

தங்கள் குடும்பம் தழைக்கவும், துளசியின் கை வரைவதெல்லாம் வரைந்தபடியே அமையவும் பிள்ளையாரை, எப்பக்கம் சுழித்தவராயினும், வேண்டும்,

தலைகுனிந்த,
சேது.

பி.கு.: துளசியிடம் கொடுக்க ஒரு பலகை இத்துடன் இருக்கிறது. "தவறு என்னுடையது அம்மா" என்று இன்று காலை, வீட்டில் எவரும் இல்லாதபோது, நானே பொறித்தேன். மன்னிப்புக் கேட்கும் நற்காரியத்தை வாயு மூலையில் தொடங்க மனம் ஒப்பவில்லை. கண்ணாடிக்கு எதிரே பிடித்தால் படிக்கலாம்.