ஒன்பதாம் அத்தியாயத்தில் தூங்குபவன்

இனிமேல் இந்த வீட்டில் எல்லாம் எழுத்துப்படிதான் நடக்கும் என்று நான் முடிவு செய்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது. கடைசி முடிவும் அதுதான்.

காரணம் ஒரு டிரம்ஸ் செட்.

என் மனைவிக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. டாக்டரின் மகன் வெளியூருக்குப் படிக்கப் போனான். போகிறவன் தன் டிரம்ஸை டாக்டர் தலையில் கட்டிவிட்டுப் போனான். டாக்டர் அதை என் மனைவி தலையில் கட்டினார். அவள் நேராக எங்கள் சின்ன அறையைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் கூடம் ஒன்று, படுக்கையறை ஒன்று, சின்ன அறை ஒன்று. அந்தச் சின்ன அறையில் ஒரு கட்டில் போடலாம். கட்டிலைப் போட்டுவிட்டால் கதவு பாதிதான் திறக்கும். அதனாலேயே எனக்கு அந்த அறையின் மேல் உயிர். பாதிக் கதவு வழியாக யாரும் வேலை சொல்ல வர மாட்டார்கள்.

என் கஷ்டத்தை நீங்களாவது புரிந்துகொள்ள வேண்டும். நான் துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனியில் கையேடு எழுதுகிறவன். 'பிளக்கைச் சொருகவும், மூடியைச் சாத்தவும்' என்றெல்லாம் ஒரு புத்தகம் தருகிறார்களே, நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரண்மேல் போடுகிறீர்களே, அது என் எழுத்துதான். என் மேஜைக்குப் பின்னால் சோதனைக்கூடம். வாரம் முழுக்க இருபது இயந்திரங்கள் என் முதுகுக்குப் பின்னால் சுற்றும். ஞாயிறு மதியம் ஒரு தூக்கம் தூங்கினால்தான் என் தலை நிற்கும்.

"என்னங்க, டிரம்ஸை அந்த ரூம்ல வச்சுக்கறேன்."

"அது நான் தூங்கற இடம்."

"தூங்க படுக்கையறை இருக்கு."

"அதுவும் இதுவும் ஒரே சுவர். நீ இங்க தட்டினா அங்க என் மண்டையில விழும்."

"நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். வந்தவங்களும் பேச முடியாது, நானும் பேசக் கூடாது. வீட்டுக்கு வந்தா எதையாவது அடிக்கணும் போல இருக்கு."

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"போன மாசமே அந்த ரூம் எனக்குன்னு பேசி முடிச்சாச்சே?" என்றேன்.

"எப்ப சொன்னீங்க?"

இந்த 'எப்ப சொன்னீங்க'தான் என் குடும்ப வாழ்க்கையின் ஒட்டுமொத்தச் சுருக்கம். நான் சொன்னதற்குச் சாட்சியே இருக்காது. அவள் சொன்னதற்குத் தேதி, நேரம், நான் அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் இருக்கும்.

அப்போதுதான் அந்த முடிவை எடுத்தேன். குடும்பத்துக்கு ஒரு கையேடு எழுதுவது. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது. எதிர் வீட்டு வக்கீல் சாட்சி. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம்.

"சரி, எழுதுங்க" என்றாள் அவள். இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு இயந்திரத்துக்கு நாங்கள் மூன்று கையேடு தருவோம். வாங்குகிறவருக்கு ஒன்று, கடைக்காரருக்கு ஒன்று, ரிப்பேர்க்காரருக்கு ஒன்று. ஆனால் கம்ப்யூட்டரில் கோப்பு ஒன்றே ஒன்றுதான். அதில் தலைப்பு தலைப்பாக எழுதிவைத்து, தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு குறிச்சொல் போடுவேன். 'மறை' என்று போட்ட பகுதி வெளியே வராது. 'எந்தப் பாகம் முதலில் கெடும்' என்கிற அத்தியாயத்தை வாங்குகிறவர் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்த வித்தையை வீட்டில் காட்டினேன். பன்னிரண்டு அத்தியாயம் எழுதினேன். மூன்றாவது அத்தியாயம் 'மனைவியின் உரிமைகள்'. அதில் சர்க்கரையைக் கொட்டினேன். 'இவ்வீட்டின் எல்லா அறைகளும், அவற்றின் சத்தமும் அமைதியும் மனைவியின் விருப்பப்படியே அமையும். கணவன் எக்காலத்திலும் மறுப்புச் சொல்ல மாட்டான்.' ஏழாவது, 'தூக்கம்'. ஒன்பதாவதுதான் என் வெடிகுண்டு: 'மூன்றாம் அத்தியாயத்தில் என்ன எழுதியிருந்தாலும், சின்ன அறை கணவனுக்கே சொந்தம். அங்கே குண்டூசி விழும் சத்தம்கூடக் கூடாது.'

திட்டம் இதுதான். அவள் படித்துப் பார்க்கிற பிரதியில் ஒன்பதுக்கு 'மறை' போட்டு அச்சடிப்பேன். அவள் படித்து மயங்குவாள். கையெழுத்துப் போடுகிற பிரதியில் 'மறை'யை எடுத்துவிடுவேன். கையெழுத்துப் போடும்போது யாரும் மறுபடி படிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டேன்.

"படிச்சா என்ன?"

"நம்பிக்கைதான் குடும்பம்" என்றேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது.

படிக்கிற பிரதியைக் கொடுத்தேன். கெத்தாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, பல்லுக்குப் பல் தட்டிப் பார்க்கிற மாதிரி வரிக்கு வரி படித்தாள்.

"ஏங்க, ஏழாவதுல ஒரு சந்தேகம்."

"கேளு."

"'கணவன் ஞாயிறு மதியம் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொல்லப்பட்ட இடத்தில் தூங்குவான். அவனை யாரும் எழுப்பக் கூடாது.' அப்படித்தானே?"

"அதேதான்."

"ஒன்பதாவது அத்தியாயம் குப்பைங்க."

"என்ன, என் எழுத்தைக் குப்பைங்கறியா?"

"தலைப்பே குப்பை. 'குப்பைத் தொட்டி பின்பக்க பால்கனியில், துணிக் கொடிக்குக் கீழே இருக்கும்.' நீங்க குப்பைத் தொட்டி பக்கத்துலயா தூங்கப் போறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதை மறைத்ததும் கம்ப்யூட்டர் தன் சமர்த்தைக் காட்டி, பத்தாவதாக இருந்த குப்பைக்கு ஒன்பது என்று எண் போட்டுவிட்டது. ஏழாவதுக்குள் நானே தட்டிவைத்த 'ஒன்பதாம் அத்தியாயம்' என்பது மட்டும் மாறாமல் அப்படியே நின்றுவிட்டது. ஆபீசில் இப்படி ஒரு தப்பு செய்தால் என்னையே இயந்திரத்தில் போட்டுச் சுற்றியிருப்பார்கள்.

"சொல்லுங்க, அங்கயா தூங்கப் போறீங்க?"

"ஆமா" என்றேன். "அங்கதான். காத்தோட்டமா இருக்கும்."

"ஓ" என்றாள். படித்த பிரதியை அலமாரியில் பத்திரமாக வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றாள். "இவ்வளவு பெரிசா எழுதியிருக்கீங்களே, இதையெல்லாம் எப்படிங்க வெளிய எடுக்கறீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

என் மனைவி என்னிடம் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கச் சொல்வது, எங்கள் வீட்டுக் குழாயில் பால் வருவதற்குச் சமம். நான் பூரித்துப் போனேன். ஒன்பதாம் அத்தியாயம் திரையில் தெரியாதபடி கோப்பைக் கீழே தள்ளிவிட்டு, வாயை விட்டேன்.

"இதோ பார், தலைப்புக்குப் பக்கத்துல 'மறை'ன்னு போட்டா அந்தப் பகுதி மட்டும் வராது."

"வேணுங்கறது மட்டும் வரணும்னா?"

"அதுக்கு 'காட்டு'ன்னு போடணும். ஒரு இடத்துல 'காட்டு' போட்டுட்டா போதும், அது போட்டது மட்டும்தான் வரும். மத்தது எதுவும் எட்டிக்கூடப் பார்க்காது."

"அதாவது, முப்பத்திரண்டு பல்லு இருந்தாலும் எதைப் பிடுங்கணுமோ அதை மட்டும் பிடுங்கற மாதிரி."

"அடடா, கற்பூரம்டி நீ!"

இப்படி ஒரு ஆள் தன் கையாலேயே பல் பிடுங்குகிற இடுக்கியை எடுத்துக் கொடுத்து, வாயையும் திறந்து காட்டுவானா? நான் காட்டினேன்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம். நான் ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பக்கத்தில் இருந்த 'மறை'யை அழித்தேன். இனி பட்டனைத் தட்டினால் பன்னிரண்டும் வரும். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்க போய் வக்கீல் சாரைக் கூட்டிட்டு வாங்க. அவர் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு வரவே நேரமாகும். நான் அச்சடிச்சு வைக்கிறேன்."

எனக்கு உள்ளுக்குள் விசில் பறந்தது. என் வெற்றியை அவளே தன் கையால் அச்சடிக்கப் போகிறாள்! "பட்டனை ஒரு தரம் தட்டினா போதும்" என்று சொல்லிவிட்டு, எதிர் வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனேன்.

வக்கீலோடு திரும்பினால், கூடத்து மேஜையில் ஒரே ஒரு தாள் இருந்தது.

"என்ன, இவ்வளவு மெலிசா இருக்கு?"

"ரெண்டு பக்கமும் அச்சடிச்சேன். எழுத்தையும் பொடிசாக்கிட்டேன். பேப்பர் மிச்சம்."

பன்னிரண்டு அத்தியாயம் ஒரு தாளில் அடங்குமா என்று யோசிக்கிற மூளை என்னிடம் இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே சின்ன அறையில் போய்ப் படுத்துவிட்டது. தவிர, எழுத்து பொடியாக இருந்தால் அவள் கண்ணில் ஒன்பதாவது படாது. நல்லதாயிற்று.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க சார்" என்றார் வக்கீல்.

"படிக்கக் கூடாது! அது நிபந்தனை" என்று நானே கத்தினேன். கடைசி வரிக்குக் கீழே முதல் ஆளாகக் கையெழுத்தைப் போட்டேன். தேதி போட்டேன். அடியில் ஒரு கோடும் இழுத்தேன். அவள் போட்டாள். வக்கீல் போட்டார்.

"சரி, நான் எதுக்குச் சாட்சின்னு எனக்குத் தெரியணுமே" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் உரக்கப் படித்தார்.

"ஒன்று. மனைவியின் உரிமைகள். இவ்வீட்டின் எல்லா அறைகளும், அவற்றின் சத்தமும் அமைதியும் மனைவியின் விருப்பப்படியே… பரவாயில்லையே சார், உங்களுக்குப் பெரிய மனசு."

நான் அடக்கமாகச் சிரித்தேன். மூன்றாவது எப்படி ஒன்றானது என்பது என் மண்டையில் ஏறுவதற்குள் அவர் தாளைத் திருப்பினார்.

"இரண்டு. தூக்கம். கணவன் ஞாயிறு மதியம் ஒன்பதாம் அத்தியாயத்தில் சொல்லப்பட்ட இடத்தில் தூங்குவான். அவனை யாரும் எழுப்பக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? மீதி பத்து எங்கே?"

"இதுல ரெண்டுதான் சார் இருக்கு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பின்பக்க பால்கனித் துணிக்கொடியைப் பார்த்தாள்.

"நீ என்ன பண்ணினே?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான். ரெண்டே ரெண்டு இடத்துல 'காட்டு'ன்னு போட்டேன். உங்க எழுத்துல ஒரு புள்ளியைக்கூட நான் தொடலை."

"செல்லாது! ஒன்பதாம் அத்தியாயம்னு இருக்கு, ஒன்பதே இல்லையே! வக்கீல் சார், நீங்களே சொல்லுங்க, ஒன்பது எங்கே?"

"நியாயமான கேள்விதான்" என்றார் வக்கீல். "ஒன்பது எங்கேம்மா?"

அவள் அலமாரியைத் திறந்து படிக்கிற பிரதியை எடுத்துவந்தாள். பக்கத்துக்குப் பக்கம் என் 'சம்மதம்' பல்லை இளித்தது.

"இதோ சார், ஒன்பது. குப்பை."

வக்கீல் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"குப்பைத் தொட்டிகிட்டயா?"

"நானும் கேட்டேன் சார். காத்தோட்டமா இருக்கும்னார்."

"ஒன்பதுன்னா அந்த ஒன்பது இல்லை!" என்று அலறினேன்.

"வேற ஒன்பது இருக்குதாங்க?" என்றாள் என் மனைவி, ரொம்ப மெதுவாக.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். கம்ப்யூட்டர் பக்கத்து மேஜையில் திறந்தபடியே இருந்தது. திரையில் சின்ன அறையும் குண்டூசியும் பளிச்சென்று தெரிந்தன. இருக்கிறது என்று சொன்னால், அதை ஏன் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் ஒரு வக்கீலிடம்.

"இல்லை" என்றேன்.

"அப்ப தீர்ந்தது" என்று எழுந்தார் வக்கீல். "உங்க குடும்பம் மாதிரி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, செருப்பைத் தேடப் போனார்.

இன்று ஞாயிறு. மதியம். பின்பக்க பால்கனியில் பாயை விரித்துப் படுத்திருக்கிறேன். தலைமாட்டில் தொட்டி. மூக்குக்கு நேராக அவளுடைய ஈரத் துண்டு. உள்ளே சின்ன அறையில் டிரம்ஸ் இடிக்கிறது. அதற்கு எங்கள் சோதனைக்கூடத்து இருபது இயந்திரமும் தேவலாம்.

திடீரென்று சத்தம் நின்றது. அவளுக்கு மனசு இளகிவிட்டது போலிருக்கிறது, உள்ளே வந்து படுக்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தேன். பால்கனிக் கதவு திறந்தது. காலடி என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

எழுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, அவள் மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் குப்பையைத் தொட்டியில் கொட்டி, மூடியைப் பூப்போலச் சாத்திவிட்டு, மறுபடி டிரம்ஸ் அடிக்கப் போய்விட்டாள்.