பச்சை ஓடையும் அடிவால்வும்

பயம் வந்தால் சிலர் ஓடுவார்கள். சிலர் மரம்போல நின்றுவிடுவார்கள். இந்த இரண்டு வகையாலும் உலகத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பயம் வந்தவுடன் வேலை செய்யத் தொடங்கிவிடுவார்கள். நான் அந்த வகை. ஒருமுறை எங்கள் குசினியில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டபோது நான் சாப்பாட்டு மேசையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனேன். மேசைக்கும் நெருப்புக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. என் மனைவி சாந்தி சட்டியை மூடி, அடுப்பை நிறுத்திவிட்டு, "இனி அதை உள்ள கொண்டு வாங்கோ" என்றாள்.

இப்படிப்பட்ட ஒருவனிடம் சுவிஸ் நாட்டில் ஓர் ஓடையை நம்பி ஒப்படைத்தார்கள்.

சோலோதுர்ன் மாநிலத்தில், ஒரு கிராமத்துக்கு மேலே உள்ள சரிவில் மாடிவீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். சரிவின் அடியில் ஓடை. கட்டட வேலைக்காகப் புல்லையும் மேல்மண்ணையும் வழித்து எடுத்துவிட்டால், அடுத்த மழைக்கே சரிவு பால்தேநீர் மாதிரிக் கரைந்து கீழே வரும். அது ஓடைக்குள் போனால் மீனுக்குச் செவுள் அடைக்கும், முட்டைகள் வண்டலுக்குள் மூச்சடைத்துப் போகும். அதைத் தடுக்கத்தான் சரிவில் வைக்கோல் பாய் விரிப்பது, அடியில் வாய்க்கால் வெட்டுவது எல்லாம். வாய்க்காலில் சேரும் கலங்கல் தண்ணீர் ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் போகும். அங்கே ஆறுதலாக நின்று, சேறு அடியில் படிய, தெளிந்த தண்ணீர் மட்டும் மேலால் வெளியேறும். அடியில் சேரும் சேற்றை எடுக்க ஒரு வால்வு இருக்கிறது. உறிஞ்சும் லொறி வந்து அதில் குழாயைப் பூட்டினால் மட்டுமே அதைத் திறக்கலாம். "லொறி இல்லாமல் திறக்காதே" என்று சிவப்பு எழுத்தில் ஜெர்மனில் அதன்மேல் ஒட்டியிருக்கும். ஒட்டியது நான்.

அதுவரை இருபது வருடமாகக் கொங்கிறீற்றுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த என்னை ஒருநாள் வகுப்புக்கு அனுப்பி, தளத்தின் தண்ணீர்ப் பொறுப்பைத் தந்தார்கள். எங்கள் மேற்பார்வையாளர் ரூடி பேரமும் பேசினார். "இந்தத் தளம் முடியும்வரை ஓடை தெளிவாக இருந்தால், உன்னை அணித் தலைவனாக்கச் சொல்லி நானே எழுதுவேன். கலங்கினால் திரும்பப் பலகைதான்." என் இரண்டு முழங்கால்களும் அந்தப் பேச்சைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. குந்தியிருந்து பலகை அடிப்பதற்கு அவை எப்போதோ சங்கு ஊதிவிட்டன.

அந்த வெள்ளிக்கிழமை திரிம்பாக் ஊர்த் தமிழ்க் கோவிலில், பிரசாத வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்களுக்கு, "நான் இப்ப சுற்றுச்சூழல் பொறுப்பு" என்று அறிவித்தேன். எங்கள் தளத்தில் பாகர் (மண் வெட்டும் இயந்திரம்) ஓட்டும் யோகண்ணையும் அங்கே நின்றார் என்பதை நான் கவனிக்கவில்லை.

"ஓம், ஓம்," என்றார் அவர், பிரசாதப் புக்கையை வாயில் வைத்தபடி. "சேறு பாக்கிற உத்தியோகம்."

மூன்று கிழமை ஓடை கண்ணாடி மாதிரி ஓடியது. நான்காவது கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை, யோகண்ணையின் பாகர் மண்ணுக்குள் ஒரு பழைய மான்ஹோலின் மூடியைத் தட்டியது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. உள்ளே ஒரு குழாய் இருட்டுக்குள் போனது. எங்கே போகிறது? கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கா, நேரே ஓடைக்கா? எங்கள் சேற்றுத் தொட்டி வேறு அதற்குச் சற்று மேலேதான் நின்றது. பின்னேரம் இடிமழை என்று சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் அதிகாரி வருவதாக இருந்தது. அதற்குள் விடை தெரியவேண்டும்.

ரூடி என்னிடம் ஒரு சின்னப் போத்தலைத் தந்தார். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் தூள்.

"தண்ணீர் பட்டால் பச்சையாகும் சாயம். தீங்கில்லாதது," என்றார். "கத்தி நுனியில் எடுக்கிற அளவு போடு. தண்ணீர் ஊற்று. கீழே போய் ஓடையைப் பார். பச்சை வந்தால் குழாய் ஓடைக்குப் போகிறது. கையுறை போட்டுக்கொள்." சொல்லிவிட்டு அவர் ஒன்பது மணித் தேநீருக்குப் போய்விட்டார். சுவிஸ்காரர் ஒருவரை ஒன்பது மணித் தேநீரிலிருந்து பிரிக்க வெள்ளம் வந்தாலும் முடியாது.

நானும் சொன்னபடிதான் செய்தேன். கத்தி நுனியில் எடுத்துப் போட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, சரிவால் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடை தன்பாட்டில் தெளிவாக ஓடியது. ஐந்து நிமிடம் நின்றேன். ஒன்றுமில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தான் ஒருவனின் கையில் மிளகாய்த்தூள் மாதிரி ஒரு தூளைக் கொடுத்து, கத்தி நுனியில் எடு என்று சொல்லக் கூடாது. நிறம் வராத கறி எங்களுக்குக் கறியே இல்லை. கரண்டிக் கணக்கெல்லாம் புத்தகம் பார்த்துச் சமைப்பவர்களுக்கு. எங்கள் கணக்கு, நிறம் வரும்வரை போடுவது.

மேலே ஏறி இன்னும் கொஞ்சம் போட்டேன். இறங்கிப் பார்த்தேன். இல்லை. மூச்சு வாங்க மறுபடி ஏறினேன். கையுறையோடு மூடியைத் திருக முடியவில்லை என்று அதையும் கழற்றி எறிந்துவிட்டு, போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டும் தட்டினேன். பிறகு ஹோஸை முழு வேகத்தில் திறந்துவிட்டேன். முகத்து வியர்வையைக் கையால் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

(அந்தக் குழாய் நீளமானது, மெல்லத்தான் ஓடும், முதல் சிட்டிகையே இன்னும் வந்து சேரவில்லை என்பதெல்லாம் பிறகு எனக்குப் பொறுமையாக விளக்கப்பட்டது.)

முதலில் கரையோரத்தில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு தெரிந்தது. "ஆகா, வந்திட்டுது" என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் உயிரோடு இருந்தது. அதன்பின் ஓடை முழுவதும் பச்சையானது. இலைப் பச்சையோ பாசிப் பச்சையோ இல்லை. பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கோடு போடும் பளீர்ப் பேனாவின் பச்சை. வெயில் பட்ட இடங்களில் அது மின்னியது. கல்லைச் சுற்றிப் பச்சை, நுரையிலும் பச்சை. ஒரு வாத்து நீந்தி வந்து, தன் நெஞ்சைக் குனிந்து பார்த்து, கரையேறிப் போய்விட்டது.

என் மூளை வேலை செய்தது, அதுவும் பூகோள பாடத்தில். இந்த ஓடை ஆரே நதிக்குப் போகும். ஆரே ரைனில் விழும். ரைன் பாசலுக்குப் போகும். பாசலில் என் மைத்துனன் ட்ராமில் பாலத்தைக் கடக்கும்போது பார்ப்பான். பிறகு பிரான்ஸ், ஜெர்மனி, ஹொலண்ட், கடல். நாலு நாட்டுப் பொலிஸும் ஒரு பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே வந்து, கடைசியில் என் சப்பாத்தில் முட்டி நிற்கும்.

சாந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை.

"சாந்தி, ஓடை பச்சையாப் போச்சு."

"ஆர் செய்தது?"

"நான்."

"அப்ப நிப்பாட்டுங்கோ."

"அது ஓடுது, சாந்தி."

"எனக்கு இப்ப சூப் இறக்க வேணும். மேசை ஒண்டையும் தூக்காதேங்கோ," என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் நான்தான் பயந்தால் வேலை செய்கிறவனாயிற்றே. எனக்கு ஒரு யோசனை வந்தது. கறியில் உறைப்புக் கூடினால் என்ன செய்வோம்? தண்ணீர் விடுவோம். எங்கே நிறையத் தண்ணீர் இருக்கிறது? தொட்டியில். மேல்வழியால் அது நூல் மாதிரித்தான் வரும். அடிவால்வைத் திறந்தால் ஒரே பாய்ச்சலில் வரும்.

என் கையால் ஒட்டிய சிவப்பு எழுத்தை, நானே கையால் மறைத்துக்கொண்டு, வால்வைத் திருகினேன்.

மூன்று கிழமையாக நான் பிள்ளை வளர்ப்பதுபோல் சேர்த்து வைத்த சேறு முழுவதும் ஒரு பெரிய ஏப்பத்தோடு வெளியே வந்தது. கஞ்சி மாதிரி, கபில நிறத்தில், நேரே அந்த மான்ஹோலுக்குள். மறுபக்கம் திருகினேன். கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. ஒரு ஓடையைச் சேற்றிலிருந்து காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவன், அத்தனை சேற்றையும் அந்த ஓடைக்கே அனுப்பிவிட்டு, கையில் ஒரு இரும்புத் துண்டோடு நின்றேன்.

"டேய் சிவா, என்னடா செய்யிறாய்?" பாகருக்குள்ளிருந்து யோகண்ணையின் குரல்.

"அண்ணை, பச்சையைக் குறைக்கிறன்."

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாகரைத் திருப்பி, ஒரு வாளி நிறையக் களிமண்ணை அள்ளிவந்து, மான்ஹோலின் வாயில் கவிழ்த்து, வாளியின் முதுகாலேயே அமத்தினார். சேறு தேங்கி எங்கள் வாய்க்காலுக்குத் திரும்பியது. எல்லாம் நாலு நிமிடம் இருக்கும்.

"உன்ர உத்தியோகத்தை நான் செய்ய வேண்டிக் கிடக்கு," என்றார் இறங்கி வந்து. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பின்னேரம் மழை வருது. எல்லாம் கழுவுப்படும். ஆரும் கேட்டா சரிவு வழுகினது எண்டு சொல்லு. விளங்குதோ?"

விளங்கியது. அப்படியே சொல்வதென்றுதான் முடிவும் எடுத்தேன். அந்த நேரத்தில் மாநிலக் கார் ஒன்று வந்து நின்றது. பதினொரு மணி என்றவர்கள் பத்துக்கே வந்துவிட்டார்கள். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, ரப்பர் சப்பாத்து, கக்கத்தில் ஒரு கோப்பு. கூடவே ரூடி, பாதி கடித்த பாண் துண்டைக் கையில் பிடித்தபடி.

"பச்சையைப் பார்த்தேன்," என்றார் அதிகாரி அமைதியாக. "அளவு கொஞ்சம் தாராளம். ஆனால் சாயத்தால் தீங்கில்லை. குழாய் ஓடைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டோம், நல்லது. அதற்குப் பின்னால் வந்த கபில நிறம் என்ன?"

சரிவு வழுக்கியது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர்களுக்கு இது புரியும். கோப்போடு ஒரு அதிகாரி முன்னால் வந்து பேனாவைத் திறந்தால், எங்கள் வாய் எங்களுடையதல்ல. முதல் விசாரணையில் சொன்னதற்கும் இரண்டாவதில் சொன்னதற்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் விசா இல்லை என்ற பயத்தில் பழகிய வாய் அது. நான் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடத்திலிருந்து தொடங்கினேன். கத்தி நுனி, இரண்டு வாளி, மூன்று தரம் ஏறி இறங்கியது, கறியின் நிறம், மனைவியின் சூப், வால்வு, கைப்பிடி, நாலு நிமிடம். "சரிவு வழுகினது எண்டு சொல்லத்தான் யோசிச்சனாங்கள்" என்பதையும் ஜெர்மனில் தெளிவாகச் சொன்னேன். அந்த 'நாங்கள்' வந்த இடத்தில் யோகண்ணை வானத்தைப் பார்த்தார்.

அதிகாரி மூன்று பக்கம் எழுதினார்.

"ஒன்று கேட்கலாமா?" என்றார் முடிவில். "ஏன் உங்கள் முகம் பச்சையாக இருக்கிறது?"

அப்போதுதான் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை பச்சையும் மஞ்சளும். ஈரக் கையால் துடைத்த முகத்தில், மீசை உட்பட, அதே நிறமாம். நான் பொய் சொல்லியிருந்தாலும் யாரும் தேடியிருக்கத் தேவையில்லை.

அந்த நேரம் கீழேயிருந்து ஒருவர் நெஞ்சுவரை ரப்பர் உடுப்போடு ஏறி வந்தார். ஹன்ஸ், கிராமத்து மீன்பிடிச் சங்கத்தின் காவலர். ஓடைக்குப் பக்கத்தில் சங்கத்தின் குளம் இருக்கிறது. ஓடைத் தண்ணீரில் மீன்குஞ்சு வளர்க்கிறார்கள் என்பதை அந்த நொடிவரை நான் மறந்திருந்தேன். முழங்காலாவது பலகையாவது. சின்னச் சின்னக் குஞ்சுகள் சேற்றுக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதுதான் கண்ணுக்குள் வந்தது.

"குஞ்சுகள்?" என்றேன்.

"குஞ்சுகளுக்கென்ன," என்றார் ஹன்ஸ் கோபமாக. "நான் தீன் போட்டுக்கொண்டிருந்தேன். பச்சையாக ஏதோ வருகிறது. முப்பது வருடத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஓடிப்போய்க் குளத்து வாசல் பலகையை இறக்கினேன். பிறகுதான் சேறு வந்தது. அது வெளியாலே போய்விட்டது. வெறும் சேறு மட்டும் வந்திருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டேன், உள்ளே போயிருக்கும்." பிறகு என் முகத்தைக் கவனித்து, ரூடியிடம், "இவருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

நான் களிமண் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்பதில் யோகண்ணைக்கும் ரூடிக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

நிறுவனத்துக்குத் தண்டக் கடிதம் வந்தது. அணித் தலைவர் பதவி எனக்கு வரவில்லை, யோகண்ணைக்குப் போனது. ஆனால் தண்ணீர்ப் பொறுப்பு என்னிடமே இருக்கிறது. இவரைவிடப் பயந்த ஆளை நீங்கள் தேடிப் பிடிக்க முடியாது என்று அந்த அதிகாரியே சொன்னாராம். அடிவால்வுக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டின் திறப்பு யோகண்ணையின் சட்டைப் பையில்.

ஹன்ஸ் அந்த மாரிக் குளிரில் ஒரு புகையூட்டிய ட்ரௌட் மீனும், சங்கத்தின் நன்றிக் கடிதமும் அனுப்பினார். சரியான நேரத்தில் எச்சரிக்கை தந்ததற்காகவாம். சாந்தி அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து விசாரித்தால், "இவர்தான் அவ்வளவு மீன்குஞ்சையும் காப்பாத்தினவர்" என்பாள், பெருமையாகத்தான்.

"ஆரிட்ட இருந்து?" என்று அவர்கள் கேட்பார்கள்.

என் மகள் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வாள்: "அப்பாட்ட இருந்துதான்."