டேங்கர் கொண்டுவந்த வெள்ளம்

ஊருக்கு நல்லது செய்யப்போய் சொதப்பினவனை ஊர் மன்னித்துவிடும். கூடப் பிறந்தவள் மன்னிக்க மாட்டாள். நான் அனுபவஸ்தன், சொல்கிறேன்.

எப்போதும்வென்றான் பக்கம் இரண்டு ஓடைகளுக்கு நடுவில் எங்கள் ஊர். மற்ற நாளில் குடிக்கவே தண்ணீர் இருக்காது. பெருமழை பெய்தால் ஓடைகள் பொங்கி ஊர் தீவாகிவிடும். அப்படி ஒரு வெள்ளத்தில் ஆடு மாடோடு ஆளையும் பறிகொடுத்தோம். அதன் பிறகுதான் பேரிடர் தன்னார்வலர் பயிற்சிக்குப் போய், ஆரஞ்சுச் சட்டையோடு திரும்பினேன். (போட்டதும் கலெக்டர் நினைப்பு வந்துவிட்டது.)

ஆவணி வெயிலில் வெள்ள ஒத்திகை. பார்க்க அதிகாரிகள் வருவதாக ஏற்பாடு. காய்ந்த ஓடையில் ரப்பர் படகைப் பார்த்து ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டிராக்டர் டேங்கரை வரவழைத்து, ஊரின் ஒரே வண்டிப்பாதை ஓடைக்குள் இறங்கும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னேன். ஈரம் பட்டால் உளையாகிவிடும் கரிசலில் பிறந்தவன் செய்கிற காரியமா இது? டிரைவர் தயங்கினார். நான் சட்டையைக் காட்டினேன்.

தண்ணீர் இறங்கியது. பின்னாலேயே டேங்கரும் அச்சு வரை மண்ணுக்குள் இறங்கியது. இருபுறமும் சீமைக்கருவேல முள். வேறு எந்த வண்டியும் சுற்றிப் போக வழியில்லை.

அந்நேரம்தான் அக்கா அலறினாள். வெள்ளத்தில் சிக்கியவளாக நடிக்க அவளைச் சோளத்தட்டை அடுக்கிய படப்பின் மேல் நான்தான் ஏற்றிவிட்டிருந்தேன். தட்டைக்குள் கிடந்த விரியன் பாம்பு காலில் போட்டுவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்து அக்கரையிலேயே நின்றுவிட்டது. பயிற்சியில் படித்தது ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அக்கா புருஷன் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு, "ஏலே, அந்தப் படகத் தூக்குங்கல" என்றார். அவளைப் படகில் கிடத்தி, ஆளுக்கொரு மூலையில் தோள் கொடுத்தோம். முழங்கால் வரை சேறு. செருப்பையெல்லாம் மண் வாங்கிக்கொண்டது. அவளுக்குக் கண் சொருகத் தொடங்கியது. நான் வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தேன்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கால் விரல் இரண்டு போயிற்று.

இப்போதெல்லாம் ஒத்திகை எங்கே, எப்படி என்று ஊர்ப் பெண்கள்தான் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். அக்காதான் தலைவி. நான் படகுக்குக் காவல். அவள் வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் காப்பியைக் கொடுத்துவிட்டு, என்னைக் காட்டி நிதானமாகச் சொல்வாள்:

"நாலு பேரு தோள்ல ஏறிப் போனவ, திரும்பி வந்து காப்பி போட்டுக் குடுக்கேன், பாத்துக்கிடுங்க. எல்லாம் எந் தம்பி புண்ணியம்."